மாவட்ட மனநலத் திட்டம் (தமிழ்நாடு)

மாவட்ட மனநலத் திட்டம் என்பது, உளநோய்களுக்கான மருத்துவத்தைப் பெரிய மனநல மருத்துவமனைகளுக்கு வெளியே, மக்கள் வாழும் ஊர்களுக்கு அருகிலேயே கிடைக்கச் செய்யும் நோக்குடன் இந்திய நடுவண் அரசு 1996 ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமாகும். இது 1982 இல் தொடங்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தின் ஒரு பகுதி ஆகும். நிதி தடையின்றிக் கிடைப்பது இத்திட்டத்தின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது.

வரலாறு

தமிழகத்தில் அரசு மனநல மருத்துவம் நெடுங்காலம் சென்னையில் குவிந்திருந்தது. 1794 இல் சென்னையில் தொடங்கப்பட்ட மனநோயாளர் இல்லமே, பின்னர் இடம் மாறி, இன்றைய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது.

1980களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முன்னோடித் திட்டத்தை நடத்தியது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்து, உளநோயாளர்களுக்கு அங்கேயே மருத்துவம் அளிக்க இயலும் என்பதை அது காட்டியது. இதன் அடிப்படையில் முதலில் நான்கு மாவட்டங்களில் திட்டம் தொடங்கப்பட்டது. அவற்றுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர்கள் உயிரிழந்தனர். அருகில் மருத்துவ வசதி இல்லாமையின் விளைவை இந்நிகழ்வு நாட்டிற்கு உணர்த்தியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

நிதி

தொடக்கத்தில் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஐந்தாண்டுகளுக்கு நடுவண் அரசு நிதி வழங்குவது என்றும், அதன் பின் மாநில அரசு பொறுப்பேற்பது என்றும் வகுக்கப்பட்டது. பல மாநிலங்கள் உரிய காலத்தில் பொறுப்பேற்காததால் பணிகள் தேங்கின. பின்னர் இத்திட்டம் தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. இதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு நடுவண், மாநிலப் பங்குகள் 60:40 என்ற விகிதத்தில் உள்ளன.

உளச்சிதைவு போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் மருந்து உட்கொள்ள வேண்டியுள்ளது. எனவே நிதி சில மாதங்கள் நின்றாலும் மருந்து வழங்கல் தடைப்பட்டு, நோய் மீண்டும் தலைதூக்குகிறது. நிறுத்தப்பட்ட நிதி பின்னர் மீண்டும் வந்தாலும், விலகிச் சென்ற நோயாளர்களைத் தேடிக் கண்டறிவது கடினம்.

தென்சென்னைப் புறநகர்

தாம்பரம் 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து, 2021 இல் மாநகராட்சியானது. இங்கிருந்து கீழ்ப்பாக்கமும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஏறத்தாழ 25 முதல் 30 கி.மீ. தொலைவில் உள்ளன. ஒவ்வொரு முறை மருந்து வாங்கவும் நோயாளரும் உடன் வருபவரும் ஒரு நாள் கூலியை இழக்க நேர்வதால், அருகிலுள்ள மருத்துவமனையில் நடைபெறும் மனநலப் புறநோயாளர் பிரிவு இன்றியமையாதது.

இப்பகுதியில் தன்னார்வ அமைப்புகளும் பணியாற்றுகின்றன. 1993 இல் தொடங்கப்பட்ட பேனியன் அமைப்பு கோவளத்தில் சமூக மனநலப் பணி செய்கிறது. 1980 இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, அடையாறு பகுதியில் குடிநோய்க்கு மருத்துவம் அளித்து வருகிறது.

போதை மீட்பு

போதை மீட்பு இல்லங்களுக்கான நடுவண் நிதியுதவி, நலவாழ்வுத் துறையிடமிருந்து அன்றி, சமூக நீதித் துறையிடமிருந்து வருகிறது. உளநோயும் குடிநோயும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதுண்டு. ஆயினும் நிதி இரு வழிகளில் வருகிறது. 2025 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்னும் பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது.

தேவையும் சட்டமும்

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு (2015–16), குடிநோயாளர்களுள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் மருத்துவம் பெறவில்லை எனக் கண்டது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல மருத்துவத்தைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது (பிரிவு 18). மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையெனில், அம்மாவட்டத்திலுள்ள வேறு நிலையத்தில் பெறும் மருத்துவத்தின் செலவை அரசே ஏற்க வேண்டும். இதனால் நிதி ஒதுக்கீடு அரசின் சட்டக் கடமையோடு பிணைக்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

ஏர்வாடி தீ விபத்து
நிம்ஹான்ஸ்
டெலி-மானஸ் (தொலைபேசி மனநல உதவி, எண் 14416)