தூவலும் அளவீடும்: இந்தியச் செயற்கைமழை ஆய்வில் மலைக்களங்களும் கருவிகளும்

முன்னுரை

கடலோரப் பெசன்ட் நகராயினும் உட்பகுதிக் குடியிருப்பாயினும், சென்னையின் குடிநீர் நெடுங்காலம் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளையே பெரிதும் சார்ந்திருந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்க்கும்போதெல்லாம் செயற்கைமழை பற்றிய பேச்சு எழுவதற்கு இதுவே காரணம். மேகத்தில் தூவும் கருவிகளைக் காட்டிலும், தூவியதன் விளைவை அளக்கும் கருவிகளும் களநிலையங்களுமே இத்துறையின் போக்கைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மலைச்சரிவும் வெள்ளி அயோடைடும்

1946 நவம்பர் 13 அன்று வின்சென்ட் ஷேஃபர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து கிரேலாக் மலைப்பகுதியில், விமானத்திலிருந்து மேகத்தில் உலர்பனிக்கட்டியைத் தூவினார். வெள்ளி அயோடைடுத் துகள்கள் பனிப்படிகம் உருவாக உதவும் என்பதைப் பெர்னார்ட் வானகட் அதே ஆண்டில் கண்டறிந்தார். இதன் பயனாக, மலைச்சரிவுகளில் புகையெழுப்பும் கருவிகள் நிறுவப்பட்டன. அசிட்டோனில் கரைத்த வெள்ளி அயோடைடை எரித்தால், மலையேறும் காற்று அப்புகையை மேகத்துக்குள் கொண்டு சேர்க்கும். 1951இல் டாட்டா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இம்முறையைக் கையாண்டது.

ஆனால் வெள்ளி அயோடைடு செயற்பட, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்த்துளிகள் மேகத்தில் இருத்தல் வேண்டும். பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மீது உறைநிலை மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் அமைகிறது. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரமோ 2,695 மீட்டர்தான். எனவே இம்மலைகளைத் தழுவும் தாழ்ந்த மேகங்கள் பெரும்பாலும் பனிப்படிகமற்ற வெப்பமேகங்களே. குளிர்நாட்டு மலைகளுக்கென வகுத்த கருவி இவற்றுக்குப் பொருந்தாது.

உப்பும் விமானமும்

வெப்பமேகத்திற்கு ஏற்ற பொருள் உப்பு. ஈரத்தை ஈர்க்கும் உப்புத்துகள் பெருந்துளிகளை உருவாக்க, அவை சிறுதுளிகளோடு மோதி இணைந்து மழையாகின்றன. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் மழை, மேக இயற்பியல் ஆய்வுப்பிரிவு தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் தரையிலிருந்தே உப்பைக் காற்றில் செலுத்தி ஆராய்ந்தது. 1967இல் இப்பிரிவு புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்துடன் இணைந்தது. அதன்பின் விமானம் முதன்மை பெற்றது. உப்புத்தூள் கட்டிபடாதிருக்க மாக்கல் தூள் கலக்கப்பட்டது.

புணேப் பகுதியில் 1973 முதல் 1986 வரையான காலத்தில் 11 பருவங்கள் நடந்த சோதனையின் சிறப்பு அதன் வடிவமைப்பில் உள்ளது. இரு நிலப்பகுதிகளும் அவற்றுக்கிடையே ஓர் இடைவெளிப் பகுதியும் வகுக்கப்பட்டன. எப்பகுதியில் தூவுவது என்பதைச் சமவாய்ப்பு முறையே தீர்மானித்தது. மழை 24 விழுக்காடு மிகுந்ததாக இச்சோதனை காட்டியது. திருவள்ளூரில் 1973இலும் 1975–77இலும் நடந்த சோதனைகள் குறுகிய காலத்தில் முடிந்தமையால் இத்தகைய உறுதியைத் தரவில்லை.

வறட்சி நிவாரணமும் ஆய்வும்

தமிழ்நாட்டு அரசு 1983, 1984–87, 1993–94 ஆகிய ஆண்டுகளில் வறட்சியின் பொருட்டு மேகவிதைப்பை மேற்கொண்டது. நிவாரணப் பணியில் தகுந்த மேகம் தென்பட்டால் தூவியே ஆகவேண்டும்; ஒப்பீட்டிற்காக ஒரு நாளைத் தூவாமல் விட இயலாது. ஆகவே பெய்த மழையில் இயற்கையின் பங்கு எவ்வளவு, விதைப்பின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிய வழியில்லை. சமவாய்ப்பு முறையைப் பின்பற்றிய சோதனைகளிலும் இவ்வையம் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலையில் 1960களில் நடந்த கிளைமாக்ஸ் சோதனையின் நம்பிக்கையூட்டிய முடிவுகள் பிற்கால மறு ஆய்வுகளில் வலுவிழந்தன.

மீண்டும் மலைக்கு

2012இல் மகாபலேசுவரத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,350 மீட்டர் உயரத்தில், உயர்நில மேக இயற்பியல் ஆய்வகம் தொடங்கப்பெற்றது. மழைக்காலத்தில் மேகம் தரையைத் தொட்டு நகரும் அவ்விடத்தில் துகள் எண்ணிகளும், மழைத்துளியின் பருமனை அளக்கும் கருவிகளும் இயங்குகின்றன. 1951இல் புகையெழுப்பும் மேடையாக இருந்த அதே மலைத்தொடர் இன்று மேகத்தை உற்றுநோக்கும் களமாகியுள்ளது. மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் சமவாய்ப்பு முறையில் நடந்த விமானச் சோதனையில், காற்று வீசும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 விழுக்காடு மழை மிகுந்ததாகக் கண்டறியப்பட்டது.

முடிவுரை

மேகமே இல்லாத வானில் எக்கருவியும் மழை பெய்விக்காது. வறட்சி வந்தபின் விமானம் தேடுவதைவிட, வறட்சியில்லா ஆண்டுகளிலும் மேகங்களை அளந்து வைப்பதே அறிவுடைமை. அத்தகைய தொடர் அளவீடு இருந்தால்தான், அடுத்த வறட்சியில் செலவிடும் பொதுப்பணம் மழையாயிற்றா என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்.