மன்னார் முத்தும் உலகச் சந்தையும்

ஓரிடத்து விலை மற்றோரிடத்து வாழ்வைத் தீர்மானிப்பது இக்காலத்துப் புதுமை என்று பலர் கருதுவர். மன்னார்க் கரையோ இதனைப் பன்னூறாண்டுகளாக அறிந்துள்ளது. இலங்கை முத்தின் சிறப்பை ரோமானிய ஆசிரியர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

முத்தின் பொருட்டு அயலார் இக்கரையை நாடினர். 1560 இல் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் மன்னாரைக் கைப்பற்றினர். கடலடியிலுள்ள முத்துப் பார்களை ஒவ்வோர் அரசும் தன் கருவூலமாகவே கொண்டது.

1905 இல் மறிச்சுக்கட்டியில் நடைபெற்ற குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. தமிழரும் அரபியரும் மூச்சடக்கி மூழ்கினர். எடுத்தவற்றில் மூன்றில் இரு பங்கு அரசுக்குச் சென்றது; எஞ்சிய ஒரு பங்கே உழைத்தோருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே அரசு அப்பார்களை லண்டன் கம்பெனி ஒன்றிற்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விட்டது. விரைவிலேயே சிப்பிகள் அருகின, கம்பெனியும் நிலைக்கவில்லை.

இதனிடையே ஜப்பானியரான மிக்கிமோத்தோ 1893 இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1920களில் உருண்டையான வளர்ப்பு முத்துகள் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. இயற்கை முத்தின் மதிப்புத் தளர்ந்தது. மன்னாரில் எவரும் பிழை செய்யாமலே ஒரு பழந்தொழில் தன் வலுவை இழந்தது.

உலக வாணிகத்தினின்று எந்நாடும் ஒதுங்கி வாழ இயலாது. ஆயினும், குத்தகை எழுதப்படும் அவையிலே கடலில் மூழ்குவோனுக்கும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் இல்லாதவிடத்து, செல்வம் விளையும் கரையிலே வறுமையும் உடன் விளையும் என்பதே மன்னார் முத்தின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.