பாண்ட் என்ற பெயரில் ஒரு பண்ணையடிமை

ஜேம்ஸ் பாண்டைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் ‘பாண்ட்’ என்ற குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் ‘கடன் பத்திரம்’ என்பார்கள், ‘பிணைப்பு’ என்பார்கள். இரண்டும் இல்லை.

பழைய நார்ஸ் மொழியில் ‘போண்டி’ என்றால் சொந்த வீடும் நிலமும் உள்ள சுதந்திர உழவன். (‘ஹஸ்பண்ட்’ என்பதற்குள்ளும் இவன்தான் இருக்கிறான்.) வைக்கிங்குகளோடு இங்கிலாந்துக்கு வந்த அந்தச் சொல், 1066இல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தபின் சரிந்தது. உழவன் பிரபுவின் பண்ணையோடு கட்டுண்டான். ‘போண்டி’ பண்ணையடிமை ஆனது. அடிமைத்தனத்தைக் குறிக்கும் ‘பாண்டேஜ்’ பிறந்ததும் இதிலிருந்துதான். வரிசையைக் கவனியுங்கள், தோழர்களே: முதலில் உரிமை போனது, பிறகு மனிதன், கடைசியில்தான் சொல்.

அந்த அடிமை பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். அவன் செத்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு. எல்லாமே பண்ணை ஏடுகளில் பதிவாகும். அதனால்தான் 1381இல் கிளர்ந்த உழவர்கள் ஊர் ஊராக அந்த ஏடுகளைத் தேடிக் கொளுத்தினார்கள். யார் அடிமை என்பதற்குச் சாட்சி அங்கேதானே இருந்தது! ஜூன் 14 அன்று பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்ட் அடிமைமுறையை ஒழிப்பதாக வாக்களித்தான். சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றான். ஆனாலும் கொள்ளைநோய்க்குப் பின் உழைக்க ஆள் கிடைக்காமல் அந்த முறை மெல்ல உதிர்ந்தது. 1574இல் முதலாம் எலிசபெத் தன் நிலங்களில் எஞ்சியிருந்த அடிமைகளை விடுவித்தார், அதற்கும் பணம் வாங்கிக்கொண்டு.

1952இல் தன் உளவாளிக்குச் சாதாரணமான ஒரு பெயர் தேடிய இயான் ஃபிளெமிங், ஒரு பறவையியலாளரின் பெயரை எடுத்து வைத்தார். அந்தப் பெயரைக் கேட்டு ‘உன் தாத்தா எந்தப் பண்ணை?’ என்று இன்று யாரும் கேட்பதில்லை. நம்மிடம் பெயர் மாற்றினாலும் ஊர் கேட்பார்கள், தெரு கேட்பார்கள்.

ஆங்கிலம் அந்த அடிமைகளின் இன்னொரு பெயரான ‘வில்லன்’ என்பதைக் கெட்டவனுக்குரிய சொல்லாக்கியது. நம் மக்களின் ‘பறையர்’ என்ற பெயரை எடுத்து, ‘பறையா’ என்று, ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாக்கியது. ‘பாண்ட்’ தப்பிவிட்டது. ‘பறையா’ இன்னும் செய்தித் தலைப்புகளில் வருகிறது; பார்க்கும்போதெல்லாம் அந்த ஆசிரியருக்கு நாம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.