இரு சராசரிகளின் வேறுபாடும் லானார்க்‌ஷயர் பால் ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே காணப்படும் வேறுபாடு குறிப்பிடத்தக்கதா, தற்செயலானதா என்பதை அறியக் கல்வியியல், உளவியல் ஆய்வுகளில் டி-சோதனை பரவலாகக் கையாளப்படுகிறது. இச்சோதனைக்கு வித்திட்டவரே, இருபதாயிரம் மாணவர்களைக் கொண்ட ஓர் ஆய்வின் சராசரி ஒப்பீட்டை ஏற்க மறுத்தார். அம்மறுப்பின் காரணங்களையும் அவை இன்றைய ஆய்வாளர்க்கு உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

டி-சோதனையின் தோற்றம்

வில்லியம் சீலி கோசெட் (1876–1937) ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று, 1899இல் டப்ளினில் உள்ள கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியேற்றார். அங்குச் சில மாதிரிகளை மட்டுமே கொண்டு முடிவு காண வேண்டியிருந்தது. அக்காலப் புள்ளியியல் முறைகளோ பெரும் மாதிரிகளுக்கே பொருந்தின. இக்குறையைப் போக்கும் கட்டுரையை 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ‘ஸ்டூடண்ட்’ என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்டார். பத்து நோயாளிகளுக்கு இருவகை உறக்க மருந்துகளால் கூடிய உறக்க நேரம் அதில் ஒப்பிடப்பட்டது. தனித்தனியான இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் வகையில் ரொனால்டு ஃபிஷர் பின்னர் இம்முறையை விரிவுபடுத்தினார். 1925இல் வெளிவந்த அவரது நூல் அதனைப் பரவச் செய்தது.

லானார்க்‌ஷயர் ஆய்வு

1930ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூன் வரை ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் 67 பள்ளிகளில் இவ்வாய்வு நடைபெற்றது. ஏறத்தாழ 10,000 மாணவர்க்கு நாள்தோறும் முக்கால் பைன்ட் பால் வழங்கப்பட்டது. அவர்களுள் பாதிப்பேர் காய்ச்சாத பாலையும், எஞ்சியோர் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பாலையும் பெற்றனர். மேலும் 10,000 பேர் பால் பெறாத கட்டுப்பாட்டுக் குழுவாயினர். தொடக்கத்திலும் முடிவிலும் அனைவரின் எடையும் உயரமும் அளக்கப்பட்டன.

தேர்வு முதலில் குலுக்கல் முறையிலோ அகரவரிசையிலோ அமைந்தது. ஆயினும், ஒரு குழுவில் ஊட்டம் மிக்கவரோ குறைந்தவரோ மிகுதியாக இருப்பதாகத் தோன்றினால், ஆசிரியர்கள் மாணவரை மாற்றிக்கொள்ள இசைவளிக்கப்பட்டது. விளைவாக, கட்டுப்பாட்டுக் குழுவினர் தொடக்கத்திலேயே எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் சுமார் நான்கு மாத வளர்ச்சியும் முந்தியிருந்தனர்.

ஸ்டூடண்டின் மறுப்பு

1931இல் ஸ்டூடண்ட் இதனைத் திறனாய்ந்தார். இத்துணைப் பெரிய குழுக்களில் அத்தகைய தொடக்க வேறுபாடு தற்செயலாக நேராது. வறிய குழந்தைகள்மீது கொண்ட பரிவால் ஆசிரியர்கள் அறியாமலேயே அவர்களைப் பால் பெறும் குழுவில் சேர்த்திருக்கலாம் என்று அவர் கருதினார். மாணவர்கள் உடையுடன் எடைபார்க்கப்பட்டதால் மற்றொரு பிழையும் நேர்ந்தது. குளிர்கால உடை கோடையில் குறையும்போது, வசதியுள்ள குழந்தையின் உடை எடையே மிகுதியாகக் குறையும். எனவே வறிய குழந்தை கூடுதலாக வளர்ந்ததாகத் தோன்றும். மேலும், ஒரு பள்ளியில் ஒருவகைப் பாலே வழங்கப்பட்டமையால், இருவகைப் பால்களின் ஒப்பீட்டில் பள்ளிகளின் வேறுபாடும் கலந்துவிட்டது. ஒத்த இரட்டையர் 50 இணையரைக் கொண்டு செய்யும் ஆய்வே இதனினும் நம்பகமானதாக இருக்கும் என அவர் பரிந்துரைத்தார்.

முடிவுரை

வேறுபாடு தற்செயலால் விளையக்கூடியதா என்பதற்கு மட்டுமே டி-சோதனை விடை தருகிறது. குழுக்கள் எவ்வாறு அமைந்தன என்பதை அச்சூத்திரம் அறியாது. மாதிரியின் எண்ணிக்கையைப் பெருக்கினாலும் தேர்வுச் சார்பு நீங்குவதில்லை. பிழையான முடிவே உறுதியானதுபோல் தோன்றும். ஆகவே, ஏற்கெனவே அமைந்த இரு வகுப்புப் பிரிவுகளைச் சோதனைக் குழுவாகவும் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் கொள்ளும் ஆய்வாளர், பிரிவுகள் அமைந்த முறையையும் முன்தேர்வுச் சராசரிகளையும் டி-மதிப்புடன் சேர்த்து வெளிப்படுத்துவது இன்றியமையாததாகும்.