செயலியில் உறைந்த ஆற்றலும் திறந்த மூல மென்பொருளும் — ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகருக்கு அண்மையில், பொல்கொல்லையில் மகாவலிக்குக் குறுக்கே அமைந்த அணைக்கட்டு 1976ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. ஆற்றுநீரின் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவலை மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கை வழியே வடக்கு நோக்கிச் செல்கின்றது. எஞ்சிய நீர் பழைய போக்கிலேயே ஓடுகின்றது. ஓர் ஆறு இரண்டாகப் பயன்படும் இவ்வேற்பாட்டில் மதகின் கட்டுப்பாடு ஓரிடத்தில் இருத்தல் இன்றியமையாதது. கணினித்துறையில் மெய்நிகராக்கம் எனப்படும் நுட்பத்தின் அடிப்படையும் இதுவேயாகும். ஒரு கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பங்கிட்டு, தனித்தனிக் கணினிகள் பல இயங்குமாறு செய்வது அந்நுட்பம். பங்கிடும் பணியை மேற்பார்வை மென்பொருள் ஆற்றுகின்றது. மதகு யார் கையில் உள்ளது என்னும் வினா இந்நுட்பத்தின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

1960களின் நடுப்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில் சிபி-40 என்னும் முறைமை உருவாகியது. ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில், தத்தமக்கெனத் தனிக்கணினி உள்ளதுபோலப் பயன்படுத்த அது வழிசெய்தது. அதன் வழிவந்த விஎம்/370 1972இல் வெளியிடப்பட்டது. ஒரு செயலி இவ்வாறு பங்கிடப்படுவதற்கு வேண்டிய நிபந்தனையை ஜெரால்ட் போப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகியோர் 1974இல் வரையறுத்தனர். மதகைத் தொடும் ஆணை எதுவும் மேற்பார்வை மென்பொருளின் கண்ணுக்குத் தப்பி நிறைவேறலாகாது என்பதே அதன் சாரம்.

தனியாள் கணினிகளில் பரவிய இன்டெல் செயலிகள் இந்நிபந்தனையை நிறைவுசெய்யவில்லை. பென்ரியம் செயலியில் 17 ஆணைகள் இக்குறைபாடுடையன என 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், அத்தகைய ஆணைகளை இயங்கும்போதே மாற்றியெழுதும் உத்தியால் இடரைக் கடந்தது. பின்னர் வன்பொருளிலேயே தீர்வு பிறந்தது: இன்டெல் 2005இலும் ஏ.எம்.டி. 2006இலும் அதனை வழங்கின. 2006 ஜனவரியில் வெளிவந்த கோர் டுவோ என்னும் மடிக்கணினிச் செயலிகள் பலவற்றிலும் அவ்வசதி அமைந்திருந்தது. அதனைப் பயன்படுத்தும் கே.வி.எம். என்னும் திறந்த மூல மென்பொருள், 2007 பெப்ரவரியில் லினக்ஸ் கருனியின் 2.6.20ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

எனினும், செயலியில் ஆற்றல் இருத்தல் வேறு, உரிமையாளருக்கு அது கிட்டுதல் வேறு. இன்டெல் செயலியில் இவ்வசதியைத் திறக்கவும் பூட்டவும் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவகம் உண்டு. கணினி விழித்தவுடன் முதலில் ஓடும் தொடக்க நிரல் அதனை மூடிப் பூட்டிவிட்டால், கணினி மீளத் தொடங்கும்வரை எம்மென்பொருளாலும் திறக்க இயலாது. மடிக்கணினிகள் சில, பூட்டப்பட்ட நிலையிலேயே, மாற்றும் தெரிவும் இன்றி விற்பனைக்கு வந்தன. பூட்டுக்கு நியாயம் இல்லாமலில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் இயக்குதளத்தை, அது அறியாவண்ணம், தீய மேற்பார்வை மென்பொருளொன்றின் கீழ் அடக்கிவிடலாம் என்பதை 2006இல் ஜொஆனா ருட்கொவ்ஸ்கா ‘புளூ பில்’ என்னும் ஆக்கத்தின் மூலம் விளக்கினார். ஆயின் காவலுக்கு அமைந்த பூட்டின் திறவுகோல் வீட்டுக்காரனிடம் இல்லாமற்போவது காவலாகாது. 1999இல் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் லினக்ஸ்பயாஸ் என்னும் பெயரில் தொடங்கிய கோர்பூட் திட்டம், தொடக்க நிரலையே திறந்த மூலமாக எழுதி, இவ்வசதியைத் திறப்பதா மூடுவதா என்னும் முடிவை உரிமையாளரிடம் ஒப்படைத்தது. 2013 முதல் இன்டெல் செயலிகளில் வந்த பூட் கார்ட் என்னும் சரிபார்ப்பு முறை, உற்பத்தியாளர் அதனை இயக்கிவைத்த கணினிகளில் அவ்வழியையும் அடைத்தது.

கைபேசிகளின் கதையும் இதனையொத்ததே. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில் 1985இல் முதன்முதல் இயங்கிய ஏ.ஆர்.எம். செயலியின் வழித்தோன்றல்களே இன்றைய கைபேசிகளில் உள்ளன. இவற்றுக்கான மெய்நிகராக்க வசதி 2010இல் அறிவிக்கப்பட்டது. இயக்குதளத்துக்கும் மேலான ‘ஹைப்’ என்னும் அதிகார நிலை அதில் உருவாக்கப்பட்டது. அந்நிலை லினக்ஸ் கருனி முழுவதையும் தாங்க ஏற்றதாக இல்லாமையால், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் டால், ஜேசன் நீ ஆகியோர் கே.வி.எம்.மை இரு கூறாக்கினர். சிறு கூறொன்றை மட்டும் ஹைப் நிலையிலும், எஞ்சியதை வழமையான கருனி நிலையிலும் அமைத்தனர். 2013 ஏப்ரலில் வெளிவந்த லினக்ஸ் 3.9இல் அது இணைந்தது. எனினும் தொடக்க நிரல் கருனியை ஹைப் நிலையில் எழுப்பினாலன்றி இவ்வுழைப்புப் பயன்தராது. கீழ்நிலையில் எழுப்பப்பட்ட கருனி தானே மேலேற இயலாது. கைபேசிகள் பலவற்றில் உற்பத்தியாளரின் நிரல் அம்மேல்நிலையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2022இல் ஆண்ட்ரொய்ட் 13 கே.வி.எம். வழிவந்த மேற்பார்வை மென்பொருளை ஏற்றது. 2025 மார்ச்சில் பிக்சல் கைபேசிகளுக்குள் டெபியன் லினக்ஸ் மெய்நிகர்க் கணினியாக இயங்கும் வசதி கிட்டியது. உற்பத்தியாளர் இசைந்தமையாலேயே அவ்வாயில் திறந்தது என்பதும் நோக்கற்பாலது.

கணினிப் பொறியியலுக்கெனத் தனித்துறை கொண்ட பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களுக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ள செய்தியன்று. குடும்பத்தார் கடன்பட்டு வாங்கிய ஒரேயொரு மடிக்கணினியே ஆய்வுகூடமாகவும் அமையும் மாணவன், அதனுள் பல இயக்குதளங்களை நிறுவி, ஒன்று சிதைந்தாலும் மற்றவை கெடாவண்ணம் பயில்வதற்கு மெய்நிகராக்கம் துணைநிற்கின்றது. அவன் விலைகொடுத்த செயலியில் அவ்வாற்றல் ஏற்கெனவே உறைந்துள்ளது. திறந்த மூல மென்பொருள் அதனைப் பயன்படுத்தும் வழியை எவர்க்கும் பொதுவாக்கியது; ஆயின் முதலில் விழிக்கும் நிரல் மூடியதாக இருக்கும்வரை அவ்வழி வாயிலோடு நின்றுவிடுகின்றது. ஆகவே, ஒரு கருவியின் திறனை அளக்க முற்படுவோர் அதன் வேகத்தையும் நினைவகத்தையும் மட்டும் நோக்குதல் போதாது; அதன் மதகு யார் கையில் உள்ளது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.