யாழ்ப்பாணக் கரப்பந்தாட்டமும் அதன் கூட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஊர்க் கழகங்களே வளர்த்த விளையாட்டு கரப்பந்தாட்டம். அதற்குக் கூட்டம் சேர்த்தவையும் அந்தக் கழகங்கள்தான். பருத்தித்துறை வீதியில் நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என அடுத்தடுத்து வரும் வலிகாமம் கிழக்கு ஊர்கள் இதற்குப் பேர்போனவை.

தோற்றம்

1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சிப் பொறுப்பாளர் வில்லியம் மோர்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். 1916இல் அதே அமைப்பைச் சேர்ந்த றொபேட் வோல்ரர் கமக் இதை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991இல் இது நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. குடாநாட்டு ஊர்களில் அதற்கு வெகு காலம் முன்பே இது வேரூன்றிவிட்டது. துடுப்பாட்டத்துக்குப் பெரிய மைதானமும் செலவும் வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ போலப் பெரிய பாடசாலைகளே அதைத் தாங்கின. கரப்பந்துக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட ஆடுகளம் ஒரு பரப்புக் காணிக்குள் அடங்கிவிடும்.

கூட்டம் சேர்ந்த விதம்

கழகம் பெரும்பாலும் ஊர் வாசிகசாலையோடும் சனசமூக நிலையத்தோடும் ஒட்டியே வளர்ந்தது. ஆடுபவர் பக்கத்து வீட்டுப் பொடியன். பார்ப்பவர் அவனுடைய மாமாவும் மச்சானும். தோட்ட வேலை முடிந்து வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். செம்மண் தரையில் நீறால் கோடு போட்டு, சுற்றிவரக் கயிறு கட்டுவார்கள். கயிற்றோடு முட்டிக்கொண்டு சனம் நிற்கும். அறிவிப்பாளர் புள்ளியைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த சர்வீசுக்குக் கூச்சல் எழும்பிவிடும். கச்சான் விற்பவருக்கும் அன்று நல்ல வியாபாரம்.

பக்கத்து ஊரோடு இருந்த போட்டி மனம் இந்தக் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருந்தது. ஆவரங்காலில் இந்து இளைஞர், மத்தி என இரண்டு கழகங்கள் உண்டு. புத்தூரில் கலைமதி இருக்கிறது. இவை மோதும் நாளில் யாரும் விளம்பரம் பார்த்து வருவதில்லை.

ஊரோடு ஒட்டிய கழகமே கூட்டம் சேர்க்கும் என்பதை இங்கிலாந்தின் றக்பி லீக் வரலாறும் சொல்கிறது. கரப்பந்தாட்டம் பிறந்த அதே 1895இல், வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனி அமைப்புக் கண்டன. ஆடப் போவதால் சுரங்கத்திலும் ஆலையிலும் கூலி இழந்த வீரருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. காசு கொடுத்து வரும் சனத்துக்கு ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்று, 1906இல் அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆகக் குறைத்தார்கள். ஹல் நகரில் ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு கழகங்கள் வளர்ந்தன. 1954இல் பிராட்ஃபோர்டின் ஒட்சல் மைதானத்தில் நடந்த கிண்ண இறுதி மறு ஆட்டத்துக்கு 1,02,569 பேர் திரண்டதாகக் கணக்கு.

போரும் மீட்சியும்

போரினால் 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. மின்னொளி ஆட்டங்களுக்கு வழியில்லாமல் போனது. 1995 ஒக்ரோபரில் போர்முனை பருத்தித்துறை வீதி வழியாகவே நகர, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்களை ஊரடங்கு மாலையிலேயே வீட்டுக்குள் அடைத்தது. 2002 போர் நிறுத்தம் தந்த மூச்சையும் 2006 ஓகஸ்ட்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது பறித்துக்கொண்டது. போர் 2009இல் முடிந்த பிறகே இரவுச் சுற்றுப்போட்டிகள் நிலையாகத் திரும்பின.

இடம்பெயர்ந்தவர்களோடு ஆட்டமும் கடல் கடந்தது. கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் தமிழர்கள் கோடையில் நடத்தும் விழாக்களில் ‘ஓவர் கேம்’ எனப்படும் ஊர்ப்பாணி ஆட்டம் இன்றும் இடம்பெறுகிறது. கிண்ணத்துக்கும் மின்விளக்குக்கும் அங்கிருந்து பணம் வருவதும் வழக்கமாகிவிட்டது.

தொழில்முறைக் காலம்

2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் என்ற பெயரில், ஏலத்தில் வீரர்களை எடுத்த உதைபந்தாட்டத் தொடர் நடந்தது. துடுப்பாட்டத்தில் லங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றது. ஆனால் அந்த வெற்றிகளில் ஒன்றுகூட யாழ்ப்பாண மண்ணில் ஆடிப் பெற்றதல்ல. தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டியதோடு ஊர் நின்றுவிட்டது. நடந்து போகும் தூரத்தில் ஆடுகளம், தெரிந்த முகம், பக்கத்து ஊர் எதிரணி ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் கூட்டம் தலைமுறை தாண்டி நிற்கிறது. வடக்கில் தொழில்முறை லீக் தொடங்க நினைப்பவர்கள் ஏல மேசைக்குப் போகுமுன் ஒரு மாலை ஆவரங்காலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.