பேரிடர் நிர்வாக அமைப்பு: செராஸும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

வெள்ளமோ நிலச்சரிவோ தீயோ நேரும்போது எந்த இலாகா முதலில் போக வேண்டும், களத்தில் யார் சொல் செல்லும், வீடிழந்தவருக்கு அடுத்த ஆறு மாதம் யார் பொறுப்பு என்பவற்றை வகுப்பதே பேரிடர் நிர்வாக அமைப்பு. மலேசியாவில் இந்த அமைப்பை யாரும் ஒரே மூச்சில் வரைந்து வைக்கவில்லை. ஒவ்வொரு துயரத்துக்குப் பின்னும் ஒரு குழு, ஒரு படை, ஓர் ஆணை என்று கூடிக்கூடி வளர்ந்தது. அப்படி வளர்ந்ததால் மீட்புப் பணியில் அது வலுவாக இருக்கிறது. ஆபத்துக்கு முந்தைய சில மணி நேரத்திலும், ஆபத்துக்குப் பிந்தைய பல மாதங்களிலும் பலவீனமாக இருக்கிறது.

இரண்டு அரசுகளின் செராஸ்

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள செராஸைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தாமான் மிடா, தாமான் கொனாட், தாமான் ஷாமெலின் ஆகியவை கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குள் வருகின்றன. ஒன்பதாம் மைல், பதினோராம் மைல், செராஸ் பெர்டானா ஆகியவை சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரிந்தபோது விழுந்த கோடு இது. கோட்டின் ஒரு பக்கம் டத்தோ பண்டார் (மேயர்) தலைமையிலான கோலாலம்பூர் மாநகர் மன்றம். மறுபக்கம் மந்திரி புசாரின் மாநில அரசு, மாவட்ட அதிகாரி, காஜாங் நகராண்மைக் கழகம். சில ஓரங்கள் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகின்றன.

தண்ணீரும் இரண்டு வழியாகப் போகிறது. நகரப் பக்கத்து மழை கெராயோங் ஆற்றில் விழுந்து கிள்ளான் ஆற்றைச் சேரும். பத்தாம், பதினோராம் மைல் பக்கம் ஓடுவது லங்காட் ஆறு. ஆக, ‘செராஸில் வெள்ளம்’ என்று வானொலியில் கேட்கும் ஒருவர், எந்த ஆறு, எந்த அரசு, எந்த நிவாரண மையம் என்பதையும் சேர்த்தே அறிய வேண்டியிருக்கிறது. எல்லைக்கோட்டின் அருகே குடியிருப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இதற்கு அடிப்படை கூட்டரசு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலத்தின் அதிகாரம். உள்நாட்டுப் பாதுகாப்பு மத்திய அரசின் அதிகாரம். வடிகால் நீர்ப்பாசனமும் சமூக நலனும் இருவருக்கும் பொதுவானவை. குன்றின்மேல் வீடு கட்ட அனுமதி தருவது ஒரு கை, அந்தக் குன்று சரிந்தால் படையை அனுப்புவது மற்றொரு கை.

ஆற்றிலிருந்து தொடங்கிய கதை

கோலாலம்பூர் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் சிதைந்தது. பிறகு மரமும் அத்தாப்பும் போய்ச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன, பிரிக்பீல்ட்ஸில் சூளைகள் புகைந்தன. அன்றைக்கு அரசின் பதில் கட்டட விதிகளாகவே இருந்தது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் தீபகற்பத்தின் பல ஊர்களையும் கோலாலம்பூரையும் மூழ்கடித்தது. 1932-இல் வடிகால் நீர்ப்பாசன இலாகா தோன்றியது. அந்த இலாகாவைப் பொறியாளர்களே நடத்தினார்கள், ஆற்றை அடக்குவதுதான் அவர்களின் வேலை. மக்களை வெளியேற்றுவதோ பசியாற்றுவதோ அவர்கள் பொறுப்பில் இல்லை. வெள்ளத்தை ஓர் இலாகாவிடமும் வெள்ளத்தில் சிக்கிய மனிதரை வேறோர் இலாகாவிடமும் ஒப்படைக்கும் வழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது.

1971 ஜனவரி வெள்ளம் அடுத்த திருப்பம். கோலாலம்பூரில் 32 பேர் இறந்தனர், சுமார் 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். 1969 மே கலவரத்துக்குப் பின் அமைந்த தேசிய நடவடிக்கை மன்றம் அப்போதும் நாட்டை நடத்திக்கொண்டிருந்தது. பிரதமர் துன் அப்துல் ரசாக் இதைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். அடுத்த மாதம் நாடாளுமன்றம் கூடியது, நடவடிக்கை மன்றத்தின் இடத்துக்குத் தேசிய பாதுகாப்பு மன்றம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று வெள்ளக் கட்டுப்பாட்டு நிரந்தர ஆணையம் அமைந்தது, அதன் செயலகப் பொறுப்பு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்குப் போனது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டு அமைப்புகளின் மரபும் இன்றுவரை தொடர்கிறது. ஒன்று பேரிடரைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்கும், மற்றொன்று பொறியியல் பிரச்சினையாகப் பார்க்கும். குடியிருப்பவரின் வாழ்க்கைப் பிரச்சினையாகப் பார்க்கும் மூன்றாவது மரபு அந்த அளவுக்கு வலுப்பெறவே இல்லை.

தீயணைப்புப் பணி 1976 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் ஒரே இலாகாவானது. அதற்கு முன் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தனித்தனியே நடத்திவந்தன. அமைப்பு மாற்றங்களில் மிகப் பயன் தந்தது இதுதான் என்று சொல்லலாம். ஒரு நிலையத்து வண்டி மாநில எல்லையைத் தாண்ட இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஹைலண்ட் டவர்ஸும் ஆணை எண் 20-ம்

1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தனர். 1993 டிசம்பர் 11 அன்று பிற்பகலில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்தது. 12 மாடிகள், 48 உயிர்கள். இடிபாட்டுக்குள் தேடும் பயிற்சி பெற்ற தனிப்படை அப்போது நாட்டில் இல்லை, வெளிநாட்டுக் குழுக்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே இராணுவம், போலீஸ், தீயணைப்புத் துறை மூன்றிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ‘ஸ்மார்ட்’ என்னும் சிறப்பு மீட்புப் படை உருவானது. 1997 மே 11 அன்று தேசிய பாதுகாப்பு மன்றத்தின் ஆணை எண் 20 வெளிவந்தது.

அடுத்த கால் நூற்றாண்டுக்கு நாட்டின் பேரிடர் நிர்வாகத்துக்கு அடித்தளமாக இருந்த ஆவணம் அது. ஒரு மாவட்டத்துக்குள் அடங்குவது முதல் நிலை. ஒரே மாநிலத்தில் பல மாவட்டங்களைத் தொடுவது இரண்டாம் நிலை. மாநில எல்லையைத் தாண்டுவதும் மிகச் சிக்கலானதும் மூன்றாம் நிலை. நிலைக்கு ஒரு குழு: மாவட்டம், மாநிலம், மத்தி. இந்த ஒழுங்கின் நன்மை பெரிது, யார் மேல் யார் என்பது முதல்முறையாக எழுத்தில் வந்தது. ஆனால் இது பேரிடரின் அளவை நிர்வாக எல்லையைக் கொண்டு அளந்தது. அந்த எழுத்தின்படி பார்த்தால், செராஸில் கோட்டின் இருபுறமும் பத்துத் தெருக்கள் மூழ்கினாலே அது மாநில எல்லை தாண்டிய நிகழ்வாகிவிடும். ஒரே மாவட்டத்துக்குள் ஆயிரம் வீடுகள் மூழ்கினாலோ அது முதல் நிலையாகவே தொடங்கும்.

பொறுப்பு என்ற கேள்வியை ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பாளர்கள் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோனார்கள். அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் பொறுப்பேற்க வேண்டுமா என்பதில் கூட்டரசு நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு உள்ளாட்சிக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று அது கூறியது. அனுமதி தரும் அதிகாரம் ஓர் அமைப்பிடம், விளைவின் சுமை வீட்டை வாங்கியவரிடம். உள்ளாட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை, மன்ற உறுப்பினர்கள் நியமனத்தால் வருகிறார்கள். ஆகவே இந்தப் பொறுப்பை வாக்குப்பெட்டியிலும் கேட்க வழியில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரிடர் வரலாற்றில் மிக வேதனையான பக்கம் இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

2003 நவம்பரில் புக்கிட் லாஞ்சானில் நெடுஞ்சாலையின் மேல் பாறைச் சரிவு ஏற்பட்ட பின், பொதுப்பணி இலாகாவில் சரிவுப் பொறியியலுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. இருந்தும் 2008 டிசம்பர் 6 அன்று புக்கிட் அந்தராபங்சாவில் நிலம் சரிந்தது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் ஒரு பண்ணையின் முகாமில் கூடாரங்களில் தூங்கியவர்களில் 31 பேர் மண்ணில் புதைந்து மாண்டனர். அந்த இடத்துக்குப் பண்ணை நடத்தத்தான் அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை.

நட்மாவின் பிறப்பு

2014 டிசம்பரில் கிளந்தானையும் கிழக்குக் கரையையும் விழுங்கிய வெள்ளத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2015 அக்டோபர் 1 அன்று தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மா பிரதமர் துறையின் கீழ் உருவானது. பாதுகாப்பு மன்றத்தின் பேரிடர்ப் பிரிவும், வெள்ளத்துக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கென அமைத்த பிரிவும், ஸ்மார்ட் படையும் அதில் இணைந்தன. மீட்பையும் மறுவாழ்வையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது நல்ல முடிவு. ஆனால் நட்மா ஓர் ஒருங்கிணைப்பு நிறுவனம். படகு தீயணைப்புப் படையிடமும் பொது தற்காப்புப் படையிடமும் இருக்கிறது. அரிசியும் மெத்தையும் சமூக நல இலாகாவிடம். மழைக் கணிப்பு வானிலை இலாகாவிடம், ஆற்று மட்டம் வடிகால் நீர்ப்பாசன இலாகாவிடம், நிவாரண மையமாக மாறும் பள்ளிக்கூடம் கல்வி அமைச்சிடம்.

பிற நாடுகள் வேறு வழி சென்றன. 2004 சுனாமியில் மலேசியாவும் 68 பேரை இழந்தது. அந்தச் சுனாமிக்குப் பின் இந்தியா 2005-இல் பேரிடர் நிர்வாகச் சட்டம் இயற்றி, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையத்தை மாவட்டந்தோறும் சட்டப்படி நிறுவியது. இலங்கையும் அதே ஆண்டு 13-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. மலேசியா நிர்வாக ஆணையோடு நின்றது. சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை, 2015 சென்னை வெள்ளம் அதற்குச் சான்று. அமெரிக்காவில் ஃபீமா நிறுவனத்தை 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் அடக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் கத்ரீனா சூறாவளி அதன் தள்ளாட்டத்தை உலகுக்குக் காட்டியது, 2006-இல் புதுச் சட்டத்தால் அதைச் சீர்திருத்த வேண்டிவந்தது.

2021 டிசம்பர்

டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. செராஸுக்குக் கிழக்கே உலு லங்காட்டில் ஆறு வீடுகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில், தமிழர்களும் கணிசமாக வாழும் அந்தத் தாழ்நிலத்தில், மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். முதலில் வந்த படகுகளில் பல தன்னார்வலர்களுடையவை. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தப் பருவ வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது, அதில் ஏறக்குறைய பாதி சிலாங்கூருடையது.

ஒருங்கிணைப்பில் பலவீனம் இருந்ததைப் பிரதமர் இஸ்மாயில் சப்ரி ஒப்புக்கொண்டார். பொறுப்பு மத்திய அரசுக்கு மட்டுமல்ல, மாநிலத்துக்கும் உண்டு, முன்களத்தில் நிற்பது மாவட்டம்தான் என்றும் சொன்னார். அமைப்பின் எழுத்துப்படி அது சரி. கூரைமேல் நின்றவருக்கு அந்த விளக்கத்தால் பயன் ஏதும் இல்லை.

அந்த மழையின்போதே கோலாலம்பூரில் வேறொன்று நடந்தது. 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் (மீட்புப் படைக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று) கிள்ளான் ஆற்றின் நீரைத் தாமான் டேசா ஏரி வழியே திருப்பியது. இந்தச் சுரங்கம் பாதி நெடுஞ்சாலை, பாதி வெள்ள வாய்க்கால். வாகனத்துக்கு ஓர் அமைப்பு, வெள்ளத்துக்கு வடிகால் நீர்ப்பாசன இலாகா. ஆனாலும் முடிவெடுக்க யாரும் கூடிப் பேசுவதில்லை. ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் கீழ்த்தளத்தில் நீர் விடப்படும், 150-ஐத் தாண்டும் நிலையில் வாகனங்களை வெளியேற்றிச் சாலையையே நீருக்குக் கொடுத்துவிடலாம். எண் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்து மதகைத் திறக்கும் கையும் முன்னரே தீர்மானமாகியிருக்கிறது. நகரின் சில பகுதிகள் அன்றும் மூழ்கின என்றாலும், சுரங்கம் தன் வேலையைச் செய்தது. ஆற்று மட்டம் இந்தக் கோட்டைத் தொட்டால் இந்தத் தாமானைக் காலி செய்வது இன்னார் கடமை என்று குடியிருப்புகளுக்கும் அதே உறுதியோடு எழுதி வைத்திருந்தால், ஸ்ரீ மூடாவில் அந்த இரவு வேறு மாதிரி கழிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

மறுவாழ்வு என்னும் நீண்ட பகுதி

மீட்புக்கு ஒரு கட்டளைச் சங்கிலி உண்டு. வீட்டுக்குத் திரும்பியவருக்கு இருப்பதோ பல முகப்புகள். 2021 வெள்ளத்துக்குப் பின் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் இரக்கத் தொகையும், இறந்தவரின் வாரிசுக்கு 10,000 ரிங்கிட்டும் மத்திய அரசு அறிவித்தது. மாநிலத்தின் உதவி தனி. வாடகை வீட்டில் இருந்தவர், ஒரே முகவரியில் இரண்டு குடும்பமாக இருந்தவர், நிவாரண மையத்துக்குப் போகாமல் உறவினர் வீட்டில் தங்கியவர் ஆகியோர்தான் இந்தப் பட்டியல்களில் எளிதில் விடுபடுகிறார்கள். கோயில்களும் குருத்வாராக்களும் அன்று சமைத்துப் போட்ட சோற்றுக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

வெள்ளம் அல்லாத பேரிடர்களிலும் இதே கதைதான். 2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, சுற்றுலா வந்திருந்த இந்தியப் பெண் ஒருவர் நிலத்தடியில் மறைந்தார். மாநகர் மன்றம், தீயணைப்புப் படை, போலீஸ், கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் எல்லாம் சேர்ந்து ஒன்பது நாள் தேடின, அவர் கிடைக்கவில்லை. தேடல் நின்ற பின், மக்கள் நடமாட்டத்தை நம்பிய அந்தத் தெருவின் சிறு வணிகர்கள் வருமானமின்றித் தவித்தார்கள்.

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீயணைப்புப் படை தீயை அன்றே அடக்கியது. காரணத்தைத் தொழிலிடப் பாதுகாப்பு இலாகா ஆராய்ந்தது, குற்றக் கோணத்தைப் போலீஸ் பார்த்தது, வீடுகளின் நிலையைப் பொறியாளர்கள் சோதித்தார்கள். உதவித் தொகை மத்திய அரசு, மாநில அரசு, நிறுவனம் என மூன்று வழிகளில் வந்தது. குழாயின் அடியில் இருந்த மண் தாங்கும் பலத்தை இழந்திருந்தது என்ற ஆய்வு முடிவு ஜூன் இறுதியில் வெளியானது. எரிந்த வீடுகளின் சொந்தக்காரர்களில் பலர் அப்போதும் வாடகை வீடுகளில்தான் இருந்தார்கள்.